சாம்பல் மேடும் கொள்ளும்: பல்லாரிக் குன்றுகளின் முதல் வேளாண்குடிகள்

பல்லாரியிலிருந்து ஹொசப்பேட்டைக்குச் செல்லும் சாலையில், குடதினி என்ற ஊரையொட்டி ஒரு மேடு இருக்கிறது. தொலைவிலிருந்து பார்த்தால் புல் முளைத்த மண்மேடாகத்தான் தெரியும். அதன் பக்கத்தில் உதிர்ந்து கிடக்கும் கட்டியொன்றைக் கையிலெடுத்து உடைத்தால் உள்ளே மண் இல்லை. மாவுபோல் வெளிறிய சாம்பல் இருக்கும். அல்லது கொல்லன் பட்டறையின் கிட்டத்தைப் போல உருகி, குமிழோடி, கண்ணாடியாய் இறுகிய கருமை இருக்கும். இத்தகைய சாம்பல் மேடுகள் வட கர்நாடகத்திலும் அதையொட்டிய ஆந்திர, தெலங்கானாப் பகுதிகளிலும் நூற்றுக்கு மேல் உள்ளன. சில ஓர் ஆள் உயரம்கூட இல்லாதவை. சில 10 மீட்டரை நெருங்குபவை. ஹம்பிக்கு அருகில் நிம்பாபுரத்தில் உள்ள மேட்டை, வாலியின் உடல் எரிந்த இடம் என்று ஊரார் காட்டுவார்கள். கிஷ்கிந்தையை அந்தப் பாறைகளுக்கிடையே வைத்துப் பார்க்கும் மரபில் அது இயல்பான விளக்கந்தான். 19ஆம் நூற்றாண்டில் அங்கே சென்ற ஐரோப்பியர்களின் ஊகங்களும் அதைவிடப் பெரிதாக முன்னேறிவிடவில்லை. எரிமலைக் கக்கல் என்றார்கள், பெரும்போருக்குப் பின் பிணங்களை எரித்த இடம் என்றார்கள், உலோகம் உருக்கிய களம் என்றார்கள்.

விடைக்கு அருகில் முதலில் வந்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863இல் சென்னைப் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர் என்ற அளவில் தமிழ் வாசகர்கள் அவரை அறிவார்கள். ஆனால் நிலவியலாளராக அவர் நெடுங்காலம் சுற்றித் திரிந்தது பல்லாரிப் பக்கம். மேடுகளில் இருப்பது மாட்டுச் சாணம் எரிந்த சாம்பல் என்பதும், அவற்றைச் சுற்றிக் கிடக்கும் கற்கோடரிகளுக்கு உரியவர்களே அவற்றை உண்டாக்கினார்கள் என்பதும் அவர் முடிவு. அவர் திரட்டிய கருவிகளை 1904இல் சென்னை அரசு வாங்கிக்கொண்டது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் பல்லாரிக் கற்கோடரிகள் இருப்பதன் காரணம் இதுவே. (பல்லாரி அப்போது சென்னை மாகாணத்து மாவட்டம். 1953இல்தான் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது.) ஃபூட்டின் கருத்தை ஆய்வகச் சோதனையால் உறுதிசெய்தவர் ஃபிரெடெரிக் சாய்னர், ஆண்டு 1960. மாடு தின்னும் புல்லில் நுண்ணிய சிலிக்காத் துகள்கள் உண்டு. சாணம் குவியலாகக் கனன்று எரியும்போது அதிலுள்ள காரப்பொருள்கள் சிலிக்காவை இளக்குகின்றன. இளகியது ஆறியதும் கண்ணாடிக் கிட்டமாகிறது. குடதினியின் கருங்கட்டிகளுக்கு எரிமலை தேவையில்லை, மாடும் புல்லும் நெருப்பும் போதும்.

சாய்னருக்குச் சில ஆண்டுகள் முன்பு, 1957இல், அன்றைய மகபூப்நகர் மாவட்டத்து உட்னூரில் எஃப். ஆர். ஆல்ச்சின் ஒரு மேட்டை முறையாக வெட்டிப் பார்த்திருந்தார். அகழாய்வுக் குழியில் வெளிப்பட்டவை கம்பங்கள் நட்ட குழிகள். அவை வரிசை பிடித்துச் சென்று, மரத்தூண்களால் அமைந்த உறுதியான வேலியொன்றின் வடிவத்தைக் காட்டின. வேலிக்குள் மாடுகள் அடைக்கப்பட்டிருந்தன. சாணம் அடுக்கடுக்காகச் சேர்ந்திருந்தது. ஒரு கட்டத்தில் எல்லாம் எரிந்திருந்தது. எரிந்த சாம்பல் மீதே புதிய வேலி எழும்பி, மீண்டும் சாணம் சேர்ந்து, மீண்டும் எரிந்திருந்தது. இந்த அடுக்குகளுக்கிடையே நெகிழ்ந்த பரப்பில் மாடுகளின் குளம்புத் தடங்கள் பதிந்து அப்படியே இறுகியிருந்தன. கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டில் ஏதோ ஒரு நாள் பட்டிக்குள் நடந்த மாட்டின் காலடி அது. தென்னிந்தியப் புதிய கற்காலத்தை, அதாவது மெருகேற்றிய கற்கோடரிகளோடு மாடும் பயிரும் வளர்த்த காலத்தைப் பற்றி எழுதப்பட்ட எல்லாக் கோட்பாடுகளையும்விட அந்தத் தடம் எனக்கு நெருக்கமாகப் படுகிறது.

பட்டி என்ற சொல்லை இங்கே நான் வேண்டுமென்றேதான் பயன்படுத்துகிறேன். ஆடுமாடு அடைக்கும் இடமும் பட்டி, சிற்றூரும் பட்டி. உசிலம்பட்டி, கோவில்பட்டி என்று ஊர்ப்பெயர் சொல்லும்போது யாரும் தொழுவத்தை நினைப்பதில்லை. ஆனால் தமிழ் அகராதி இரண்டு பொருளையும் ஒரே சொல்லின் கீழ்தான் தருகிறது. பல்லாரிப் பகுதியின் தொல்லியல் வெகுகாலம் தடுமாறியது இந்த இரண்டு பொருளுக்கும் நடுவில்தான். சமவெளியில் சாம்பல் மேடுகள். குன்றுகளின் மேலும் சரிவிலும் குடிசைத் தரைகள், அரைக்கும் கற்கள், பானையோடுகள். முன்னதை நாடோடி மேய்ப்பர்களுக்கும் பின்னதை நிலைகொண்ட வேளாண்குடிகளுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது ஆய்வாளர்களுக்கு வசதியாக இருந்தது. சான்றுகள் பெருகப் பெருக அந்தப் பங்கீடு நிற்கவில்லை. இரண்டும் ஒரே மக்களின் இருப்பிடங்கள். இன்னும் சரியாகச் சொன்னால், பல இடங்களில் தொழுவம் முதலிலும் ஊர் அதன் பின்னும் வந்திருக்கின்றன.

இதைத் தெளிவாக்கியது ஷோராபூர் பகுதியில் உள்ள புதிஹால். புனே டெக்கான் கல்லூரியைச் சேர்ந்த கே. பத்தையா 1990களில் அங்கே பரவலாக அகழ்ந்தார். சாம்பல் மேட்டை மட்டும் வெட்டிவிட்டுப் போகாமல் அதன் சுற்றுவட்டத்தையும் திறந்தது அவர் செய்த நல்ல காரியம். மாடு அடைத்த பகுதியை ஒட்டியே மனிதர்கள் குடியிருந்த பகுதி இருந்தது. செர்ட் என்னும் கல்லைச் செதில் செதிலாகப் பெயர்த்துக் கத்தி அலகுகள் செய்த பட்டறை இருந்தது. மாடுகளை வெட்டிக் கூறுபோட்ட தளம் ஒன்றும், எலும்புகளும் வெட்டுக்கருவிகளும் கிடந்த நிலையிலேயே அகப்பட்டது. குடியிருப்புக்குள் குழந்தைகள் புதைக்கப்பட்டிருந்தார்கள். நாடோடிகள் சில இரவு தங்கிப்போன பட்டியில் இத்தனையும் சேராது. பல குடிகள் ஆண்டின் ஒரு பருவத்தில் மந்தைகளோடு வந்து கூடும் மையமாகப் புதிஹால் இருந்திருக்கலாம் என்பது பத்தையாவின் கருத்து. வெட்டுத்தளத்தின் அளவைப் பார்த்தால் அது ஒரு வீட்டுச் சமையலுக்கான இறைச்சி அல்ல, ஊர் கூடி உண்ட விருந்து என்று கொள்வதே பொருத்தமாக இருக்கிறது.

எஞ்சியிருக்கும் பெரிய கேள்வி, சாணத்தை ஏன் எரித்தார்கள் என்பது. தமிழ்நாட்டு உழவர் எவரும் இந்த இடத்தில் திகைப்பார். காவிரிப் படுகையிலும் தென்மாவட்டங்களிலும் அறுவடைக்குப் பின் வயலில் ஆட்டுக்கிடை போடுவதற்குக் கூலி கொடுப்பவர்கள் நாம்; எரு என்பது நமக்குச் செல்வம். அந்தச் செல்வத்தை ஆண்டுக்கணக்கில் குவித்து வைத்து, வயலுக்கும் கொண்டுபோகாமல், அடுப்புக்கு வரட்டியாகவும் முழுதாகச் செலவிடாமல், மொத்தமாகக் கொளுத்தியிருக்கிறார்கள். தற்செயலாகத் தீப்பிடித்தது என்றால் ஒரு மேட்டுக்கு ஒரு முறை நம்பலாம். அடுக்கடுக்காகத் திரும்பத் திரும்ப எரிந்ததற்கு அந்த விளக்கம் போதாது. ஈயையும் உண்ணியையும் ஒழிக்கப் பட்டியைச் சுட்டார்கள் என்பதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குத் தரையைத் தீய்த்தால் போதும். சாம்பலை அள்ளிக் கொட்டாமல் அதே இடத்தில் மலைபோல் வளரவிட வேண்டியதில்லை. ஆல்ச்சின் இதைப் பருவச் சடங்காகக் கண்டார். ஹோலி, தீபாவளி, பொங்கல் ஆகிய திருநாள்களின் நெருப்போடு அவர் அதை ஒப்பிட்டார். தென் கர்நாடகத்தில் சங்கராந்தி மாலையில் மாடுகளை அலங்கரித்து, பரப்பி எரியும் வைக்கோல் நெருப்பைத் தாண்ட விரட்டும் வழக்கம் இன்றும் உண்டு. நாலாயிரம் ஆண்டு இடைவெளியை ஒரே தாவலில் கடந்து, அதுவே இது என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் சடங்கு என்ற விளக்கத்தின் பக்கமே நான் சாய்கிறேன். சமவெளியில் பல கல் தொலைவிலிருந்தும் தெரியும்படி ஒரு குவியலை இரவில் எரியவிடுவது, இங்கே மாடு வைத்திருக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது என்று ஊரறியச் சொல்வதாகும். கூடவே இன்னொன்றும் விளங்குகிறது: எருவை எரிக்க முடிந்தவர்களின் பயிர்நிலம் சிறிது, அதற்கு எரு கேட்கும் நிலை இன்னும் வரவில்லை.

அந்தச் சிறிய நிலத்தில் என்ன விளைந்தது என்பது 1990களின் இறுதிவரை அரைகுறையாகவே தெரியும். டோரியன் ஃபுல்லர், ரவி கோரிசெட்டர் முதலானோர் பத்துக்கு மேற்பட்ட ஊர்களின் மண்ணை நீரில் கரைத்து, மேலே மிதந்துவந்த கரிந்த விதைகளைச் சலித்தெடுத்து அடையாளம் கண்டார்கள். திரும்பத் திரும்பக் கிடைத்தவை நான்கு. சிறுதானியங்களில் இரண்டு: கன்னடத்தில் கொரலே என்றும், நம் சிறுதானியக் கடைகளில் இப்போது குலசாமை என்றும் விற்கப்படும் தானியம் ஒன்று, தினைக்கு உறவான, இன்று பெரும்பாலும் களையாகவே முளைக்கும் ஒரு புல்லின் மணி மற்றொன்று. பயறுகளில் இரண்டு: பாசிப்பயறும் கொள்ளும். நெல் இல்லை, கேழ்வரகு இல்லை, துவரையும் தொடக்கத்தில் இல்லை. நான்குமே தென்மேற்குப் பருவமழையில் விதைத்து, பாசனமில்லாமல் அறுக்கக்கூடியவை. ஆண்டுக்கு 500 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெறும் வறண்ட நிலத்துக்கு இவற்றைவிடப் பொருத்தமான கூட்டணி அமையாது. தானியத்தையும் பயறையும் சேர்த்து உண்டால் உடலுக்குத் தேவையான புரதம் நிரம்பும் என்பதை அவர்கள் பாடமாகப் படிக்கவில்லை; பழகித் தெரிந்துகொண்டார்கள்.

கொள்ளைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். காட்டுக்கொள்ளின் விதைத்தோல் தடிப்பானது. நீர் பட்டாலும் எளிதில் உள்ளே விடாது. அதனால் ஒரு மழைக்கு எல்லா விதையும் முளைத்து, அடுத்த வறட்சியில் எல்லாமே கருகிப்போகும் ஆபத்து அதற்கு இல்லை. காட்டுச்செடிக்கு அது காப்பு, விதைப்பவருக்கு அது இடைஞ்சல். ஒருவர் விதைத்து, உடனே முளைத்தவற்றிலிருந்து அறுத்து, அதிலிருந்தே மறு ஆண்டுக்கும் விதை எடுத்து வைத்துக்கொண்டே போனால், எவரும் திட்டமிடாமலேயே மெல்லிய தோலுள்ள விதைகள் பெருகிவரும். தென்னிந்தியத் தொல்லூர்களில் கிடைத்த கரிந்த கொள்ளு மணிகளை உடைக்காமல், சிங்க்ரோட்ரான் என்னும் துகள்முடுக்கி தரும் செறிந்த ஊடுகதிரால் தோலின் தடிப்பை அளந்து சார்லீன் மர்ஃபியும் ஃபுல்லரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, கி.மு. 2000க்கும் 1200க்கும் இடையே அந்தத் தோல் மெலிந்துவந்ததைக் காட்டியது. ராத்திரி கொள்ளை ஊறப்போட்டுக் காலையில் முளை விட்டிருக்கிறதா என்று பார்க்கும்போது, அந்த எண்ணூறு ஆண்டு வேலையின் பலனைத்தான் நாம் அனுபவிக்கிறோம்.

இவர்களை உழவர்கள் என்று எழுத எனக்குத் தயக்கம் உண்டு. ஏர் பூட்டியதற்கு உறுதியான சான்று இல்லை. கிடைப்பவை நடுவில் துளையிட்ட கல் வளையங்கள். தோண்டுகோலின் மேல் செருகி, குத்தும்போது பாரம் சேர்க்க உதவியவை என்று அவற்றுக்குப் பொருள் சொல்கிறார்கள். முதல் மழை விழுந்ததும் கோலால் கிளறி விதை போட்டு, மழை ஓய்ந்தபின் கதிர் அறுத்து, அதன் பிறகு ஆட்கள் மாடுகளோடு நீர் உள்ள இடம் தேடிக் கலைவது என்பதாக ஆண்டு சுழன்றிருக்க வேண்டும். கி.மு. 1900ஐ ஒட்டிக் கோதுமையும் வாற்கோதுமையும் வடக்கிலிருந்து வந்து சேர்கின்றன. அவை குளிர்காலப் பயிர்கள், மழையில்லா மாதங்களில் நீர் கேட்பவை. ஆகவே அளவு சிறிதுதான். சில ஊர்களுக்கு மட்டும் கிட்டிய அரும்பொருளாக அவை இருந்திருக்கலாம்.

வீட்டு வேலைகளில் மிகுந்த நேரத்தைத் தின்றது தானியத்தை உணவாக்குவதுதான். குலசாமையின் உமியை நீக்குவது எவ்வளவு அலுப்பான வேலை என்பதை இன்று அதை விளைவிப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அவர்களுக்கு எந்திரம் இருக்கிறது. அன்றைக்குக் கருங்கல் பாறைதான் ஆலை. பல்லாரிக்கு அருகிலுள்ள சங்கனகல்லுக் குன்றுகளில் பாறைப் பரப்பெங்கும், கை ஓடி ஓடித் தேய்ந்த வழுவழுப்பான பள்ளங்கள் இருக்கின்றன. வீட்டுக்குள் வைத்து அரைத்த குழிந்த கற்களும் உண்டு. ஆனால் பாறையின் மேல் வரிசையாக அமைந்த பள்ளங்கள், பலர் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து ஒன்றாக அரைத்ததைச் சொல்கின்றன. அரைத்ததையும் குற்றியதையும் வேகவைத்த பானைகள் சக்கரமின்றிக் கையால் வனைந்தவை; மேற்பரப்பைக் கூழாங்கல்லால் தேய்த்து மினுக்கிய சாம்பல் நிறத்தவை. சிலவற்றில் சுட்டெடுத்த பின் செங்காவியால் கோடு தீட்டியிருக்கிறார்கள்.

குன்றின் மேலே வீடு கட்டியவர்கள் பாறைகளோடு சண்டைக்குப் போகவில்லை. பல்லாரி மாவட்டத்துத் தெக்கலகோட்டையில் 1960களில் அகழ்ந்த எம். எஸ். நாகராஜ ராவ், பெரும்பாறைகளுக்கு இடைப்பட்ட இடத்தைச் சமன்செய்து, சுற்றிலும் கல் அடுக்கி, கம்பு நட்டு, தட்டி பின்னி, மண் பூசி எழுப்பிய வட்டக் குடிசைகளைக் கண்டார். அந்த வட்டாரத்துப் போயர்களின் குடிசைகளோடு ஒப்பிட்டே அவற்றின் தோற்றத்தை மீட்டெடுத்தார். பெரிய வீடு, சிறிய வீடு என்று ஏற்றத்தாழ்வைச் சுட்டும் வேறுபாடு அதிகமில்லை. ஆனாலும் அதே தெக்கலகோட்டையில் கம்பியாகச் சுருட்டிய பொன் காதணிகள் அகப்பட்டன. செம்பே அரிதாக இருந்த ஊரில் பொன் இருந்திருக்கிறது. ஹல்லூரிலும் திருமக்கூடலு நரசிபுரத்திலும் சுட்ட மண்ணால் ஆன தலையணைத் தாங்கிகள் கிடைத்திருக்கின்றன; கழுத்தை அதில் வைத்து எப்படித் தூங்கினார்களோ தெரியவில்லை.

இறந்த பெரியவர்களைக் குழியில் நீட்டிக் கிடத்தி, பக்கத்தில் பானை வைத்தார்கள். கைக்குழந்தைகளுக்கு முறை வேறு. சிறு உடலைப் பானைக்குள் வைத்து, வீட்டின் தரைக்கு அடியிலேயே புதைத்தார்கள். சித்ரதுர்க மாவட்டத்துப் பிரம்மகிரியிலும் இன்னும் பல ஊர்களிலும் இதே வழக்கம் காணப்படுகிறது. அந்தத் தரையின் மேல்தான் மற்றப் பிள்ளைகள் உறங்கின, அடுப்பு எரிந்தது.

பிரம்மகிரியை 1947இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், அங்கிருந்த கற்கோடரி மக்களைக் கி.மு. முதலாம் ஆயிரமாண்டில் வைத்தார். கரிமக் காலக்கணிப்பு வந்தபின் அவர்களின் தொடக்கம் கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டுக்குப் பின்னோக்கிச் சென்றது. இன்றைய கணக்கில் தென்னிந்தியப் புதிய கற்காலம் ஏறத்தாழ கி.மு. 3000 முதல் 1200 வரை நீள்கிறது. அந்த நெடுங்காலத்துக்குள்ளேயே வாழ்முறை மாறியிருக்கிறது. சங்கனகல்லில் சன்னராசம்மா என்ற குன்றின் உச்சியில் ஒரு சாம்பல் மேடு உண்டு. அது வளர்வது நின்றதும் ஆட்கள் இடத்தை விட்டுப் போய்விடவில்லை. அந்தச் சாம்பலின் மேலேயே ஊர் அமர்ந்தது, குடிசைத் தரைகள் அடுத்தடுத்து எழுந்தன. கூடிக் கொளுத்தும் இடமாக இருந்தது ஆண்டு முழுதும் வாழும் இடமாகிவிட்டது. சாம்பல் மேடு எழுப்பும் வழக்கமும் காலப்போக்கில் வட்டாரம் முழுவதும் ஓய்ந்தது. மந்தையைச் சுற்றி ஊர் என்றிருந்தது, வயலையும் வீட்டையும் சுற்றி ஊர் என்றாகிவிட்ட பின் பழைய நெருப்புக்கு வேலை குறைந்திருக்கும்.

அதே தொன்மை, சிறிய அளவில், நம் பக்கமும் நீண்டிருக்கிறது. திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் 1960களில் நடந்த அகழாய்வில், தரையில் குழி பறித்து அமைத்த குடியிருப்புகளும், கையால் வனைந்த சாம்பல் நிறப் பானைகளும், மெருகேற்றிய கற்கோடரிகளும் வெளிப்பட்டன. கரிந்த தானியங்களில் அங்கேயும் பாசிப்பயறும் கொள்ளும் இருந்தன. சாம்பல் மேடு மட்டும் அங்கே இல்லை.

பல்லாரியில் ஊர்கள் நிலைத்த பிறகு வேறொரு தொழில் ஓங்கியது. சன்னராசம்மாவுக்கு எதிரே நிற்கும் ஹிரேகுட்டா என்ற குன்றின் ஊடாக டோலரைட் என்னும் கருநிறக் கற்சுவர் ஒன்று ஓடுகிறது. அதை உடைத்து, முரட்டு வடிவத்துக்குச் செதில் பெயர்த்து, கல்லால் கொத்திக் கொத்தி ஒழுங்காக்கி, கடைசியில் நீரும் மணலும் விட்டுப் பாறையில் தேய்த்து அலகு ஏற்றினார்கள். ஒரு கோடரிக்கு நான்கு நிலை வேலை. கி.மு. 1700ஐ அடுத்த சில நூற்றாண்டுகளில் இந்த வேலை ஒரு வீட்டின் தேவையை வெகுவாகத் தாண்டி, பிற ஊர்களுக்கும் அனுப்பும் அளவுக்குப் பெருகியது. அந்தக் கற்சுவரின் மேலேயே நீண்ட கொம்பும் திமிலும் கொண்ட காளைகளை நூற்றுக்கணக்கில் கொத்தி வைத்திருக்கிறார்கள். அவற்றுக்கு இடையே சில கற்களில் கிண்ணம்போன்ற தேய்வுகள் உண்டு. அங்கே கருங்கல் துண்டால் தட்டினால் மணியோசை எழும்புகிறது. நிக்கோல் பாய்வின் 2004இல் இந்த ஓசைக் கற்களைப் பற்றி எழுதியபோது, பக்கத்தில் நவீனக் கல்குவாரிகள் குன்றைத் தின்றுகொண்டிருந்தன. ஹிரேகுட்டாவின் சரிவில், கொத்தும்போது குறுக்கே உடைந்ததால் தூக்கி எறியப்பட்ட கோடரிகள் இன்னும் செதில் குவியல்களுக்கு நடுவே கிடக்கின்றன.